காதில் விழும் முதல் சொல்

கேள்வி: இருபத்திரண்டு வருடம் ஒரே நூற்பாலையில் கணக்குப் பார்த்தேன். போன தை மாதம் ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். வயது 48. ஏழரைச் சனி என்றார்கள், திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் குளித்துவிட்டும் வந்தேன். காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்றிருக்கிறது. பகவான் வேறு வழி வைத்திருப்பார் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: முதலில் லௌகிகம். கிராஜுவிட்டி, பி.எஃப். ஏதாவது பாக்கி நிற்கிறதா? நின்றால் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். உழைத்த காசைக் கேட்பது பக்திக்கு விரோதமில்லை.

திருநள்ளாறு போனதில் தப்பில்லை. ஆனால் உங்கள் கேள்வி எனக்குச் சீர்காழியைத்தான் நினைவுபடுத்துகிறது. சங்கீத மும்மூர்த்திகளுக்கு முன்னால் அங்கே தாண்டவர் என்றொருவர் இருந்தார். கோயிலில் இசைத்தொண்டு செய்யும் மரபு. நாகஸ்வரம்தான் குடும்பத் தொழில். உடம்பில் கொடிய நோய் வந்தது. வாசிக்க முடியவில்லை, கோயில் வேலை போயிற்று. உறவும் ஒதுங்கியது. ஒரு நாள் பசி மயக்கத்தில் கோயில் வாகனங்களுக்கு நடுவில் படுத்துவிட்டார். அது தெரியாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று இரவு குருக்கள் வீட்டுப் பெண்ணின் உருவில் அம்பாளே சோறு கொண்டுவந்தாள் என்பது ஐதீகம்.

அவள் என்ன சொன்னாள் என்பதுதான் முக்கியம். போன உத்தியோகத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தினமும் சிதம்பரம் போ, சந்நிதியில் முதலில் காதில் விழுகிற வார்த்தையை வைத்து ஒரு பாட்டுப் பாடு என்றாள், அவ்வளவுதான். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் சுமார் 20 கிலோமீட்டர், நடுவில் கொள்ளிடம். ஒரு நாள் ஆற்றில் வெள்ளம், அக்கரை போக முடியவில்லை. கரையில் நின்றே பாடினார். இன்னொரு நாள் சந்நிதியில் யாருமே வாய் திறக்கவில்லை. மனசைப் பார்த்து, நீயும் பேசாமல் இரு என்று பாடினார். இப்படிச் சேர்ந்தவைதான் முத்துத் தாண்டவர் கீர்த்தனைகள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்புக்கு முன்னோடி அவர்தான் என்பார்கள். பரத மேடைகளில் இன்றும் அவர் பதங்களுக்கு ஆடுகிறார்கள்.

நோயும் தீர்ந்தது என்கிறது கதை. அதை உங்களுக்கு உத்தரவாதமாகச் சொல்ல மாட்டேன். எனக்குப் பட்டது வேறு. நாகஸ்வரம் கைவிட்டுப் போனாலும் சுருதியும் தாளமும் அவரிடமேதான் இருந்தன. உங்கள் நாற்காலியைப் பறித்தவர்களால் இருபத்திரண்டு வருடக் கணக்கறிவைப் பறிக்க முடிந்ததா?

வழி எங்கே என்று கேட்டீர்கள். தாண்டவருக்கும் முழு வழியை யாரும் காட்டவில்லை. அன்றன்றைக்கு ஒரு சொல் கிடைத்தது, அதற்கும் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. வேலை தேடுவதை நிறுத்தாதீர்கள். குடும்பம் நடக்க வேண்டும். ஆனால் மாலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வெளியே போங்கள். ஜி.எஸ்.டி. புரியாமல் திண்டாடும் மளிகைக்கடைக்காரர், வரவு செலவு எழுதத் தெரியாத மகளிர் குழு, கணக்குப் பாடத்தில் தோற்ற பையன் என்று உங்கள் தெருவிலேயே ஆள் இருக்கும். புலம்பலை வீட்டிலேயே வைத்துவிட்டு, முதலில் யார் என்ன கேட்கிறார் என்று காது கொடுங்கள். அதைச் செய்து கொடுங்கள். காசு தந்தால் வாங்கிக்கொள்ளலாம், பாவமில்லை.

நாளைக்கே ஆரம்பியுங்கள். ஆடி பிறந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.