எழும்போது கேட்கப்படும் கேள்வி

"நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது?" ப்ராக்ஸி சர்வர் எழ மறுக்கும் காலையில் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பவர் சொல்வது உண்மை. ஆனால் அந்த உண்மையே பழுது பார்ப்பவரைத் தவறான திசைக்கு அனுப்பிவிடுகிறது. நேற்றிரவுக்கும் இன்று காலைக்கும் நடுவில் யார் எதைத் தொட்டார்கள் என்று அவர் தேடத் தொடங்குகிறார். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். மின்சாரம் போய் வந்திருக்கும், பெட்டி அணைந்து எழுந்திருக்கும், அவ்வளவுதான்.

ஸ்க்விட்டை எடுத்துக்கொள்கிறேன். ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்தின் கேஷ் நிரலிலிருந்து கிளைத்து, டுவேன் வெசல்ஸின் முயற்சியில் 1996இல் வெளிவந்த ப்ராக்ஸி அது. கல்லூரிக் கணினிக்கூடத்தில் பிரவுசரைத் திறந்து 3128 என்ற போர்ட் எண்ணைத் தட்டிப் பழகியவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் ஸ்க்விட்தான். நூற்றுக்கணக்கானவர்களின் கோரிக்கைகளைத் தன் ஒரே முகவரியில் வெளியே கொண்டுபோய், பதிலை வாங்கி வந்து கொடுப்பது அதன் வேலை. அது எழாவிட்டால் அத்தனை பேரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

எழுகிற நேரத்தில் அது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒன்று கேட்கிறது: இந்த ஐபி முகவரிக்கு, இந்த போர்ட்டுக்கு வருவதையெல்லாம் என்னிடம் கொடு. அந்த முகவரி பெட்டியின் எந்த நெட்வொர்க் கார்டிலாவது இருக்கிறதா என்று கெர்னல் பார்க்கிறது. இல்லையென்றால் லினக்ஸில் பிழை எண் 99 வருகிறது. முகவரி இருந்து, போர்ட்டை வேறொரு நிரல் முன்னமே பிடித்திருந்தால் 98. அடுத்தடுத்த எண்களானாலும் இரண்டும் வேறு வேறு வழக்குகள். 98 வந்தால் இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார், தேடிப் பிடித்து எழுப்பலாம். 99 வந்தால் அந்த இடமே இல்லை. பதற்றத்தில் இரண்டையும் ஒன்றாக எண்ணி, ஓடும் நிரல்களை ஒவ்வொன்றாகக் கொல்பவர்கள் உண்டு. 99க்கு அதனால் ஒரு பயனும் கிடையாது.

உள்ளமைவுக் கோப்பைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டினால் அது குறை எதுவும் சொல்லாது. அந்தச் சோதனை பார்ப்பது வரி முறைப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும்தான். அதில் சொல்லப்பட்ட முகவரி இந்தப் பெட்டியில் உண்டா என்பதை அது கேட்பதில்லை. பிழையில்லாமல் எழுதிய வாக்கியமும் பொய்யாக இருக்கலாம்.

பொய் எப்போது நுழைந்தது? மிக வழக்கமான ஒரு வழியைச் சொல்கிறேன். என்றோ ஒரு நாள் நெட்வொர்க்கை மாற்றி அமைத்திருப்பார்கள். ப்ராக்ஸிக்குப் புதிய முகவரி உடனே தேவைப்பட்டிருக்கும். அன்று பணியில் இருந்தவர் டெர்மினலில் ஒற்றை வரிக் கட்டளை தட்டி, ஓடும் கார்டில் அந்த முகவரியைச் சேர்த்திருப்பார். ஸ்க்விட்டின் கோப்பிலும் அதையே எழுதியிருப்பார். எல்லாம் வேலை செய்தது, எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஆனால் அப்படிச் சேர்த்த முகவரி கெர்னலின் நினைவில் மட்டுமே இருக்கும். பெட்டி அணைந்தால் போய்விடும். அது நிலைக்க வேண்டுமென்றால் நெட்வொர்க்கின் சொந்தக் கோப்பிலும் எழுத வேண்டும். அந்த ஒரு வேலை மட்டும் விட்டுப்போயிற்று. அன்றைக்கே விழுந்த ஓட்டை அது. இத்தனை மாதமாக அதைச் சோதிக்க ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவைப் போலத்தான் இது. பேரப்பிள்ளைகள் உழுகிறார்கள், அறுக்கிறார்கள், வேலி போடுகிறார்கள், ஒரு குறையும் தெரிவதில்லை. விற்கப் போகிற அன்றுதான் "உங்கள் பெயர் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

இன்னொரு நிரலிலும் இதே குணத்தைப் பார்க்கலாம். இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் பின்னணி சர்வர்களுக்கு முன்னால் ப்ராக்ஸியாக நிற்பது. கோப்பில் எழுதியுள்ள பின்னணி சர்வர் ஒன்றின் பெயருக்கு முகவரி கிடைக்காவிட்டால் அது எழ மறுத்துவிடும். அதே பெட்டியில் பத்துத் தளங்கள் இருந்து ஒன்பது சரியாக இருந்தாலும், அந்த ஒரு பெயருக்காகப் பத்தும் நிற்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பெயர், பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிலிருந்து அழிந்தால்? எழுந்த அன்று தெரிந்துகொண்ட முகவரியை வைத்து வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற நிரல் பழைய பதிலோடு வாழ்கிறது. எழுகிற நிரல்தான் புதிதாகக் கேட்கிறது.

எழும்போது எவ்வளவு கேட்கலாம் என்பதில் ஸ்க்விட்டே ஒரு பாடம் கற்றது. அதன் பழைய பதிப்புகள் தொடங்கும்போது நெட்ஸ்கேப், இன்டர்னிக் போன்ற சில தளப் பெயர்களைத் தேடிப் பார்க்கும், ஒன்றுக்கும் விடை வராவிட்டால் எழாது. வெளி இணைய வாடையே படாத உள்வலைகளில் இதனாலேயே ஸ்க்விட் எழாமல் நின்றது. சோதனையைத் தவிர்க்க ஒரு தனி விருப்பத்தைக் கொடுத்தார்கள், பின்வந்த பதிப்புகளில் சோதனையையே எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்பதே என் கருத்து. தன் வேலைக்குத் தேவையானதைத்தான் நிரல் கேட்க வேண்டும். தான் எந்த முகவரியில் நிற்கப் போகிறோம் என்பது அப்படித் தேவையான கேள்வி.

சில நேரம் கேள்வி சரியாக இருந்தும் கேட்ட நேரம் தவறாகிவிடும். பெட்டி எழும் வேகத்தில், கார்டுக்கு முகவரி வந்து சேருமுன்பே ப்ராக்ஸி விழித்துக்கொள்கிறது. கையால் தொடங்கினால் ஓடுகிறது, தானாக எழுந்தால் விழுகிறது என்று குழம்பி நிற்பவர்கள் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். லினக்ஸில் நிரல்களை வரிசைப்படி எழுப்பும் சிஸ்டம்டியில் 'நெட்வொர்க்' என்ற கட்டத்துக்குப் பிறகு எழு என்று சொன்னால் போதாது. நெட்வொர்க்கைக் கவனிக்கும் நிரல் எழுந்துவிட்டது என்பதற்குமேல் அதற்குப் பொருளில்லை. முகவரி வந்தாயிற்று என்பதற்கு 'நெட்வொர்க் ஆன்லைன்' என்று வேறொரு கட்டம் உண்டு, அதற்குக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். பலர் இதற்குப் பதிலாகப் பத்து விநாடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கிறார்கள். இன்று பத்து போதும். நாளைக்கு ஸ்விட்ச் மெதுவாக விழித்தால் போதாது.

பிழைச் செய்தியை அடக்கும் வழிகள் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. முகவரியை எடுத்துவிட்டு, எந்த முகவரியானாலும் சரி என்று 0.0.0.0 போட்டால் ஸ்க்விட் உடனே எழும். கூடவே, உள்ளே வரும் எல்லோரையும் அனுமதி என்று அவசரத்தில் இன்னொரு வரியும் விழுந்து, பெட்டியின் இரண்டாவது கார்டு வெளியுலகத்தைப் பார்த்திருந்தால், ஊர் பேர் தெரியாதவர்கள் செய்வதெல்லாம் நம் முகவரியில் வெளியே போகும். பெட்டியில் இல்லாத முகவரியையும் பிடிக்க விடும் கெர்னல் அமைப்பும் ஒன்று இருக்கிறது. இரண்டு சர்வர்கள் ஒரே முகவரியை முறைவைத்துத் தாங்கும் இடத்தில் அது முறையான கருவி. காரணம் தெரியாமல் போட்டால், கேள்வியின் வாயைப் பொத்துவதுதான் நடக்கும்.

நெடுநாள் அணையாமல் ஓடும் பெட்டியைப் பெருமையாகக் காட்டுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். 400 நாள் ஓடியது என்பார்கள். எனக்கு அது 400 நாளாக யாரும் கேள்வி கேட்கவில்லை என்றே கேட்கிறது. அந்த நாட்களில் கோப்பு ஒரு பக்கமும் நடப்பு ஒரு பக்கமும் எவ்வளவு விலகின என்பது யாருக்கும் தெரியாது. விலகலைத் தன் கையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்திருப்பார். அவரும் அதை ஒரு குறையாக உணர்ந்திருக்க மாட்டார். முகவரி போனால் மறுபடி சேர்ப்பது அவருக்குப் பழக்கம், எழுதிவைக்க வேண்டிய செய்தியாக அவருக்கே தோன்றியிராது. நிறுவனம் தன் சொத்து என்று நினைப்பதில் பாதி இப்படிச் சிலரின் விரல்நுனிப் பழக்கமாகவே இருக்கிறது.

அதனால், நெட்வொர்க்கைப் பார்த்துவந்த ஒருவர் வேலையை விட்டுப் போகும் வாரத்தில், கூட்டமில்லாத ஒரு நேரம் பார்த்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ப்ராக்ஸி பெட்டியை அணைத்து எழுப்பச் சொல்வேன். எழுந்தால் மகிழ்ச்சி. எழாவிட்டால் இன்னும் நல்லது. அவர் விரல்கள் தாமாக என்ன தட்டுகின்றன என்று பார்த்து, அந்த வரியைக் கோப்பில் ஏற்றி, மறுபடி அணைத்து, இந்த முறை அவரைத் தொடவிடாமல் எழுப்பிப் பார்க்கலாம்.