தண்டனையில் பங்கு

கும்பகர்ணன் செய்தது சரியா, வீடணன் செய்தது சரியா? தமிழாசிரியையாக இருந்த காலம் முழுவதும் ஆண்டுவிழாப் பட்டிமன்றங்களில் இந்தத் தலைப்புக்கு நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுபெற்றுப் பள்ளிக்கரணைக்கு வந்த பிறகும், எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் நடக்கும் கம்பராமாயண வகுப்பில் அது எழாமல் இருப்பதில்லை. ஒரு பக்கம் செஞ்சோற்றுக்கடன், மறுபக்கம் அறம். சோறு போட்ட கை தவறு செய்துவிட்டால் உண்டவன் என்ன செய்வது? ஒட்டி நின்றால் அறம் போகிறது, விட்டுப் போனால் நன்றி போகிறது. இரண்டையும் ஒருசேரக் காத்தவர் உண்டா?

உண்டு என்று எனக்குக் காட்டியது ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கை.

2014-ல் ஐஎஸ்எல் கால்பந்துத் தொடர் தொடங்கியபோது டெல்லி டைனமோஸ் அணிக்கு ஆட வந்தார் இத்தாலியின் அலெசாண்ட்ரோ டெல் பியரோ. வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அந்தத் தொடரில் அவர் அடித்த ஒரே கோல் நம் சென்னையின் எஃப்சிக்கு எதிராக, ஃப்ரீகிக்கில். தொலைக்காட்சி முன்னால் என் மகன் எழுந்து நின்று கைதட்டினான். “நம்ம டீமுக்கு விழுந்த கோலுக்கு ஏன்டா கைதட்டுற?” என்று கேட்டேன். “அவரு யாருன்னு தெரியுமாம்மா?” என்று தொடங்கியவன், அன்று இரவு வெகுநேரம் பேசினான்.

2006 ஜூலை 4. உலகக்கோப்பை அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் டெல் பியரோ கோல் அடித்தார். 9-ம் தேதி இறுதிப்போட்டி பெனால்டி வரை போனது. அவர் உதைத்ததும் உள்ளே போனது. பிற்பாடு சென்னையின் அணிக்குப் பயிற்சியாளராக வந்த மாத்தராஸியும் அன்று பெனால்டி அடித்தவர்களில் ஒருவர். இத்தாலி கோப்பையை வென்றது. ஐந்தே நாளில், 14-ம் தேதி, தீர்ப்பு வந்தது. டெல் பியரோ 1993 முதல் ஆடிவந்த யுவென்டஸ் கிளப்பின் நிர்வாகி லூசியானோ மோஜ்ஜி, எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதில் தலையிட்டது தொலைபேசி உரையாடல்களில் அம்பலமாகியிருந்தது. இரண்டு பட்டங்கள் பறிபோயின. கிளப் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

பயிற்சியாளர் கபெல்லோவும் கன்னவாரோவும் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார்கள். இப்ராஹிமோவிச் இன்டர் மிலானுக்குப் போனார். அவர்கள்மேல் குற்றமில்லை. விளையாட்டு வீரரின் ஆயுள் சிறிது. டெல் பியரோவுக்கோ அப்போதே வயது 31. ஆனாலும் அவர் இருந்தார். புஃபோன், நெட்வெட், ட்ரெசெகே, கமொரனேசி ஆகியோரும் இருந்தார்கள். உலகக்கோப்பை முடிந்த இரண்டாவது மாதத்தில் ரிமினி போன்ற சிறு நகரத்து அணியோடு இரண்டாம் பிரிவில் ஆடினார்கள். அந்தப் பருவத்தில் டெல் பியரோ அடித்தவை 20 கோல்கள், பிரிவிலேயே அதிகம். கிளப் முதல் பிரிவுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு அங்கேயும் 21 கோல்களோடு அவரே முதலிடம்.

டெல் பியரோவைப் போலவே கும்பகர்ணனும் குற்றம் செய்தவனல்லன். சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு எடுத்துச் சொன்னவன். வீடணன் வந்து அழைத்தும் போக மறுத்தவன். ஆனால் அவன் கடன் தீர்த்த வழி, அந்தக் குற்றம் வெல்லும்படி போரிடுவது. டெல் பியரோ கடன் தீர்த்தது குற்றத்துக்கான தண்டனையைச் சேர்ந்து அனுபவித்து. குற்றத்தில் பங்கு, தண்டனையில் பங்கு: விசுவாசம் என்று நாம் புகழ்வதற்குள் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. முதலாவது அறத்தைக் கொல்லும். இரண்டாவதில் நன்றியும் அறமும் ஒன்றாகவே நிற்கின்றன.

“தண்டனையை ஏற்றால் போதுமா, குற்றத்தைக் கண்டிக்க வேண்டாமா?” என்று வகுப்பில் ஓர் அம்மா கேட்டார். வேண்டும். வீடணன் பெரியவனாவது அதனால்தான். ஆனால் கண்டித்தவர்கள் எல்லோரும் போய்விட்டால், விழுந்த இடத்தை நிமிர்த்துவது யார்? இலங்கை அழிந்த பிறகு அதை ஆளத் திரும்பியவனும் வீடணன்தான்.

எனக்கு இது ஏட்டோடு நிற்கும் கேள்வி இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேரை 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். அதைவிடப் பல மடங்கு பரந்து கிடந்த நிலம் அது. குப்பைமேடும் சாலைகளும் கணினி வளாகங்களும் எங்கள் வீடுகளும் மிச்சத்தைத் தின்றுவிட்டன. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே தங்கி ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தங்க இடமில்லாத நீர் 2015-லும் 2023-லும் தெருவுக்கு வந்தது. வீட்டை விற்றுப் போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இருப்பவர்களிடம் மட்டும் ஒன்று கேட்பேன். எங்களுக்கு வீடு தந்த ஊர் இது. அதற்காக இன்னும் கொஞ்சம் மண்ணடித்து மேடாக்கு என்று நின்றால், அது கும்பகர்ணன் நின்ற நிலை. சதுப்பைச் சுற்றிக் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வரட்டும், மனை விலை இறங்கினாலும் இறங்கட்டும், அந்த நட்டத்தில் என் பங்கை நான் ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டு இங்கேயே இருப்பதுதான் இந்த ஊருக்கு நாங்கள் தீர்க்க வேண்டிய கடன்.