வைக்கோல் கன்று

எங்கள் அப்பத்தா வீடு திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அந்த வீட்டுப் பசுவின் கன்று பிறந்த நாலைந்து நாளில் செத்துப்போனது. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கன்றின் தோலை உரித்து, காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாக ஊன்றிப் பசுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பசு முகர்ந்து பார்த்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. நக்க நக்க மடி சுரந்தது. அப்பத்தா குத்தவைத்து உட்கார்ந்து, செம்பை முழங்காலிடுக்கில் இடுக்கிக்கொண்டு கறந்தாள்.

"அதுக்குத் தெரியாதா அப்பத்தா, இது பொம்மைன்னு?"

"தெரியுமோ என்னமோ. பாவந்தான். என்னய்யா செய்ய, வீட்ல பச்சப்புள்ள இருக்கு, பால் வேணும்ல."

அந்தப் பச்சப்புள்ள என் தங்கச்சி. அந்தப் பாலை நானும் குடித்தேன். இந்தக் கட்டுரையில் நான் பேசப்போவது யாரோ வெள்ளைக்காரன் செய்த கொடுமையைப் பற்றி மட்டும் இல்லை என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

*

2018 ஜூலை கடைசியில் என் போனில் ஒரு வீடியோ வந்தது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், டாலெக்வா என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் ஓர்க்கா, பிறந்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போன தன் குட்டியைத் தலையால் தாங்கி நீந்திக்கொண்டிருந்தது. குட்டி நழுவிக் கீழே போகும். இது முங்கிப் போய் எடுத்துக்கொண்டு மேலே வரும். 17 நாட்கள், ஏறக்குறைய ஆயிரம் மைல் அப்படியே சுமந்தது. உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பத்தாவுக்கும் காட்டினேன். எங்கள் பக்கத்தில் கடல் என்பது பேச்சுக்குத்தான். கம்மாய் மறுகால் பாய்ந்தாலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கிற பூமி. அவ்வளவு தண்ணியை அவள் எங்கே பார்த்திருக்கப் போகிறாள்? போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்: "நல்லவேளை, தோலை உரிக்க அங்கன ஆளு இல்ல."

அவள் அந்தப் பசுவை மறக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

*

ஆனால் அங்கேயும் ஆள் இருந்தார்கள். டாலெக்வா நீந்திய அதே கடல்பகுதியில், 1970 ஆகஸ்டில், வாஷிங்டன் மாநிலத்தின் பென் கோவ் என்ற இடத்தில் படகுகளும் விமானமும் வெடிகளும் கொண்டு ஏராளமான ஓர்க்காக்களை ஒரு குடாவுக்குள் விரட்டி வலை போட்டார்கள். வேண்டியது குட்டிகள்தான். லாரியில் ஏற்ற வசதி, பழக்க வசதி. தாய்களிடமிருந்து குட்டிகளைப் பிரித்து ஏழு குட்டிகளை மீன் காட்சியகங்களுக்கு விற்றார்கள். வலைக்கு வெளியே இருந்த பெரியவை தப்பித்துப் போயிருக்கலாம். போகவில்லை. பிடிபட்ட குட்டிகளைப் பார்த்தபடி அங்கேயே சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. வலையில் சிக்கி மூழ்கிச் செத்த குட்டிகளின் வயிற்றைக் கிழித்துக் கல்லைப் போட்டுக் கடலில் இறக்கினார்கள், வெளியே தெரியக் கூடாது என்று.

ஓர்க்காவுக்குக் "கொலைகாரத் திமிங்கிலம்" என்று ஒரு பெயர் உண்டு. உண்மையில் அது டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் கரையோரம் வாழும், சால்மன் மீன் தின்னும் கூட்டங்களில் ஒரு விசேஷம் இருக்கிறது. மகளோ மகனோ, யாரும் தாயை விட்டுப் போவதில்லை. முப்பது வயது ஆண்கூடத் தாயின் பக்கத்திலேயே நீந்தும். தாய் பிடித்த மீனில் பாதி அதற்கு. வயதான பெண்களுக்குப் பிள்ளைப்பேறு நின்றுபோகும், அதன் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்து, மீன் எங்கே கிடைக்கும் என்று கூட்டத்தை நடத்திப் போவார்கள். தாய் செத்தால் வளர்ந்த மகன் சீக்கிரமே செத்துப்போகும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பேச்சு உண்டு. குட்டி அதைத் தாயிடம் கேட்டுக் கேட்டுப் படிக்கிறது.

எங்கள் பக்கம் கிடை போட்டிருக்கும் புஞ்சைக்குச் சாயங்காலம் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பகலெல்லாம் குடாப்புக்குள் கிடந்த குட்டிகளைத் திறந்துவிட்டால் புழுதி பறக்க ஒரே கத்தல். நூறு தாய், நூறு குட்டி. நமக்கு எல்லாம் ஒரே "மே". அவற்றுக்கு அப்படி இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றும் தன் தாயின் மடியில் இருக்கும்.

பென் கோவில் பிடித்த குட்டிகளில் ஒன்றை மயாமிக்குக் கொண்டுபோய் லொலிடா என்று பெயர் வைத்தார்கள். அப்போது அதற்குச் சுமார் நாலு வயது. அங்கே இருந்த ஹியூகோ என்ற ஆண் ஓர்க்கா தொட்டிச் சுவரில் தலையை மோதி மோதி 1980-இல் இறந்தது. அதற்குப் பிறகு 43 வருடம் லொலிடா இன்னொரு ஓர்க்காவைப் பார்க்கவில்லை. ஆனாலும் தன் கூட்டத்தின் ஒலிகளை எழுப்பிக்கொண்டே இருந்தது என்று அதைக் கேட்டவர்கள் சொல்கிறார்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத ஒரு பாஷை. 2023 மார்ச்சில், சொந்தக் கடலுக்கே திருப்பி அனுப்பப்போகிறோம் என்று அறிவித்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று லொலிடா செத்துப்போனது. அதன் தாய் என்று பலர் நம்பும் முதிய ஓர்க்கா அப்போதும் அந்தக் கடலில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது.

*

"நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாதுப்பா" என்று சொல்லலாம். சட்டப்படி சரிதான். 1990-களின் இறுதியில் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களில் செத்துப்போயின. 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின்களை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும் என்று அறிஞர்கள் சொல்வதையும் அது குறிப்பிட்டது. பல நாட்டுக்காரர்கள் இந்தியாவைப் பாராட்டினார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போய் பஸ் மாறினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதா. அசாமில் அவள் பெயர் ஜாய்மாலா. 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி புத்துணர்வு முகாமில் கட்டிப்போட்ட நிலையில் அவளை இரண்டு பேர் அடிக்கும் வீடியோ வெளியாகி, தமிழ்நாடே கொதித்தது. 2022-இல் அசாம் அரசு, எங்கள் யானையைத் திருப்பித் தாருங்கள் என்றது. தமிழக அரசு, அவள் இங்கே நலமாக இருக்கிறாள் என்றது. இரண்டு அரசுகளுக்கும் நடந்தது, யானை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு. யானைக்குச் சொந்தம் யார் என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

யானைக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்த ஒரு விஷயத்தை இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும். ஆண் யானை பருவம் வந்ததும் கூட்டத்தை விட்டு விலகித் தனியாகப் போய்விடும். பெண் யானை போகாது. பாட்டி, தாய், சித்தி, அக்கா, தங்கை என்று சாகும்வரை ஒரே கூட்டம். ஆனால் ஆணுக்கு மதம் பிடிக்கும், ஆளைக் கொல்லும் என்பதால் நம் கோயில்களில் பெரும்பாலும் வைத்திருப்பது பெண் யானை. அதாவது, எந்த உயிர் தன் தாயை விட்டு ஒருநாளும் போகாதோ, சரியாக அதையே பார்த்து எடுத்து வருகிறோம். ஓர்க்காவைப் பிடித்தவனும் அதையே செய்தான். வசதி பார்த்துத்தான் இரண்டும் நடந்தது.

*

இதற்கு உடனே வரும் பதில் ஒன்று இருக்கிறது. "அவன் டிக்கெட் போட்டுக் காசு பார்த்தான். நாம சாமியாக் கும்பிடுறோம். பாகன் பிள்ளை மாதிரிப் பாத்துக்குறாரு." இதை நான் கேலி செய்ய மாட்டேன். குழந்தையாக என்னையும் யானையின் காலுக்கு நடுவில் நுழையவிட்டு எடுத்திருக்கிறார்கள், பயம் தெளிய வேண்டும் என்று. தும்பிக்கை தலையில் பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு பொய் இல்லை.

ஓர்க்காவைப் பழக்கியவர்களின் அன்பும் பொய் இல்லை. ஐஸ்லாந்துக் கடலில் 1983-இல் குட்டியாகப் பிடிபட்ட டிலிக்கம் என்ற ஆண் ஓர்க்கா, 2010 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் சீ வேர்ல்டில் டான் பிராஞ்சோ என்ற பயிற்சியாளரைக் கொன்றது. அவர் அந்தத் தொழிலை உயிராக நேசித்தவர். 2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூரில் கோயில் யானை தெய்வானை தன் பாகனையும் அவர் உறவினரையும் கொன்றது. அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று செய்திகள் வந்தன. இரண்டு இடத்திலும் மிருகத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, செத்தவர்களைக் குறை சொல்லவும் மனசில்லை. அவர்களும் அந்தச் சங்கிலியின் இன்னொரு முனையில் இருந்தவர்கள்தான். ஒரு கூட்டமே தர வேண்டியதை ஒற்றை மனிதன் தர வேண்டும் என்று எதிர்பார்த்தால், அவன் எவ்வளவு அன்பானவனாக இருந்தாலும் எப்படி முடியும்?

அன்பு இருந்ததா இல்லையா என்பது கேள்வியே இல்லை. வைக்கோல் கன்றை நக்கிய பசுவுக்கும் அன்பு இருந்தது. நாம் கொடுத்ததுதான் பொம்மை. பெயர், நெற்றிப்பட்டம், கொலுசு, பிறந்தநாள் கேக், ரசிகர்களின் கைதட்டல் எல்லாம் எடுத்துக்கொண்ட ஒன்றுக்குப் பதிலாக நாம் திணித்த வைக்கோல்.

அப்பத்தாவுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவள் செய்ததை "பாவந்தான்" என்று சொல்லிவிட்டுச் செய்தாள். பசிக்குத் தேவை என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கு சரியா என்று அவளோடு நான் சண்டை போடலாம், கிடை ஆட்டுக் கறியைத் தின்றுகொண்டே. என் கை சுத்தம் இல்லை. ஆனால் பாவம் என்று பெயர் தெரிந்தால் எங்காவது ஓரிடத்தில் நிறுத்தத் தோன்றும். அன்பு, பக்தி, கல்வி என்று பெயர் வைத்துவிட்டால் நிறுத்துவதற்குக் காரணமே கிடைக்காது.

*

நம் இலக்கணம் விலங்குகளை அஃறிணை என்கிறது. "அது"தான் எல்லாக் கொடுமைக்கும் காரணம் என்று முன்பு நினைத்திருக்கிறேன். இப்போது அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் அப்பத்தாவே "அது"தான்: "அப்பத்தா வந்துச்சு", "அப்பத்தா சொல்லுச்சு". பாசம் கூடினாலும் அஃறிணை வரும். இந்தக் கட்டுரையிலேயே டாலெக்வாவை "அது" என்றும் ஜெயமால்யதாவை "அவள்" என்றும் எழுதியிருக்கிறேன். யோசித்து எழுதியதில்லை, அப்படித்தான் வந்தது.

திருச்சுழியில் 1879-இல் பிறந்த ஒரு பையன் பின்னாளில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆனார். அவர் விலங்குகளை "அது" என்று சொல்வது அபூர்வம் என்றும், ஆசிரமத்து நாய்களுக்குச் சோறு வைத்தாயிற்றா என்பதைக்கூடப் பையன்களுக்குச் சாப்பாடு ஆச்சா என்றே கேட்பார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அவரும் தாயைப் பிரிந்தவர்தான். 1896-இல், பதினாறு வயதில், வீட்டில் சொல்லாமல் மதுரையிலிருந்து ரயில் ஏறினார். தாய் அழகம்மாள் தேடிப் போய் அழுது கூப்பிட்டும் வரவில்லை. அப்படியானால் பிரிவே குற்றமா?

இல்லை. ஆண் யானையும் போகிறது. பிள்ளைகளும் போகிறோம், சென்னைக்கு, துபாய்க்கு. போவது வேறு, கொண்டுபோகப்படுவது வேறு. திருச்சுழித் தாய் மகனைத் தேடிப் போக முடிந்தது, கோபப்பட முடிந்தது, 1916-இல் அவரோடே போய்த் தங்கி 1922-இல் அவர் கையிலேயே கண்ணை மூட முடிந்தது. பாதை திறந்திருந்தது. லொலிடாவின் தாய் எந்தப் பாதையில் மயாமிக்குப் போவாள்? சிறை என்பது தொட்டியின் அளவு இல்லை. தேடி வர வழியில்லாமல் செய்வதுதான் சிறை.

*

சரி, இப்போது என்ன செய்வது? எல்லாரையும் திறந்துவிடுங்கள் என்று எழுதுவது சுலபம். கெய்கோ என்ற ஓர்க்காவைப் பல வருட முயற்சிக்குப் பிறகு கடலில் விட்டார்கள். கூட்டம் எதிலும் நிலையாகச் சேர முடியாமல் 2003-இல் நார்வேயில் இறந்தது. பிரான்சில் 2025 ஜனவரியில் மூடப்பட்ட ஒரு கடல் பூங்காவில் விக்கி என்ற தாயும் கெய்ஜோ என்ற மகனும் தொட்டியிலேயே மிஞ்சினார்கள், அவர்களை எங்கே அனுப்புவது என்ற சண்டைக்கு நடுவில். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க முடியாது என்பது இந்தத் தவறின் இயல்பு.

ஆனால் நிறுத்த முடியும். 2016-இல் சீ வேர்ல்ட் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. நம் மாவட்டத்தில் தனியார் ஒருவரிடம் இருந்த லலிதா என்ற யானை தொடர்பான வழக்கில், இனி கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்காமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2023-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. இருக்கிறவர்களுக்கு இன்னொரு யானையின் துணையாவது வேண்டும். 2003-இல் தொடங்கிய புத்துணர்வு முகாமில் 48 நாட்கள் கோயில் யானைகளை ஒன்றாக வைத்தார்களே, வருடத்தின் மீதி நாட்களில் என்ன குறைகிறது என்பதை அரசு அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டது. இந்தத் தலைமுறையோடு முடியட்டும் என்று சொல்ல நமக்குத்தான் மனசு வர வேண்டும்.

அந்தப் பசுவின் கதையை நான் முடிக்கவில்லை. சில வாரங்களில் பொம்மையின் தையல் விட்டு வயிற்றிலிருந்து வைக்கோல் எட்டிப் பார்த்தது. ஒருநாள் காலையில் பசு நக்குவதை நிறுத்திவிட்டு அந்த வைக்கோலை இழுத்து மென்றது. தைத்துவிடலாம் என்று சித்தப்பா ஊசி நூல் தேடினார்.

"போதும், விட்ருப்பா" என்றாள் அப்பத்தா. பொம்மையைத் தூக்கிக் குப்பைக்குழிப் பக்கம் வைத்துவிட்டு, காலிச் செம்போடு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கடுங்காப்பி.