எருவும் அறமும்

யூரியா போடாமல் பயிர் செய்தால் அது இயற்கைத் தோட்டம் ஆகிவிடுமா? பலரும் தயங்காமல் "ஆம்" என்பர. ஆயினும் வன்னிப் பெருநிலத்தில் வாழும் நாம் சற்று நின்று யோசிக்கக் கடமைப்பட்டவர்கள். யூரியா இல்லாத காலத்தை நாம் இருமுறை கண்டிருக்கிறோம்.

1990ஆம் ஆண்டின் பின்னர், போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் பசளை இங்கு வருவது அரிதாயிற்று. நமது கமக்காரர் மாட்டெருவையும் குழையையும் நம்பி வயல் செய்தனர். அவர்களுடைய உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அந்த வழி அவர்கள் மனமுவந்து தெரிந்துகொண்டதல்ல. பின்னர் 2021 மே மாதத்தில், நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடைசெய்யப்பட்டது. மண்ணையும் மக்களின் நலத்தையும் காப்பதே நோக்கம் என்றார்கள். நோக்கத்தில் குறைகாண முடியாது. ஆயினும் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. பிறநாட்டு அரிசியை நாடவேண்டி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது.

எங்கே பிழைத்தது? ஒரு சிறு கணக்கே விடை சொல்லும். 50 கிலோ யூரியா மூட்டையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். ஆகவே ஒரு மூட்டைக்கு ஈடாக 1,150 தொடக்கம் 2,300 கிலோ வரை கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற் போகத்தில் பயிரைச் சேரும். எஞ்சியது மெல்ல மெல்லவே பயன்தரும். இவ்வளவு எருவுக்கு மாடு எங்கே? குழை எங்கே? ஏற்றி இறக்கக் கூலி எங்கே? இக்கேள்விகளுக்கு விடை தேடாமல், சுமை முழுவதும் ஏழைக் கமக்காரனின் தோளில் ஏற்றப்பட்டது. நல்ல நோக்கம் மட்டும் ஒரு செயலை நல்லதாக்கிவிடாது. செயலும் சூழ்நிலையும் சேர்ந்தே நல்லனவாக இருத்தல் வேண்டும் என்பது புனித அக்குவினாஸ் தோமையாரின் போதனை. அதன் உண்மையை நமது வயல்களிலேயே கண்டோம்.

இன்னொன்றையும் கவனிப்போம். இயற்கையானது என்பதனால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. புகையிலைச் சாறும் இயற்கையானதே. ஆனால் அது நஞ்சு. கிணற்றடியில் குவித்த பச்சைச் சாணமும் குடிநீரைக் கெடுக்கும். 2021இல் சேதனப் பசளை ஏற்றிவந்த வெளிநாட்டுக் கப்பலொன்றின் மாதிரிகளில் தீய நுண்ணுயிர்கள் இருப்பதாக நமது அதிகாரிகள் அறிவித்தனர். விற்ற நிறுவனம் அதை மறுத்தது. சரக்கு இறக்கப்படவில்லை. ஆயினும் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. மூட்டையின் மேல் எழுதிய பெயர் எவரையும் காப்பாற்றவில்லை.

அப்படியானால் இயற்கைத் தோட்டம் என்பதுதான் என்ன? அது கடன் தீர்க்கும் வாழ்வு எனலாம். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது முதற் கடன். நமது தோட்டத்து நஞ்சு அயலவரின் கிணற்றையும் குளத்து மீனையும் சேராமற் காப்பது இரண்டாவது. மூன்றாவதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்: நம் உணவுக்காக உழைப்பவனுக்கு உரியதைக் கொடுப்பது.

இந்த மூன்றாவது கடன் தோட்டமில்லாத வீட்டாருக்கும் உண்டு. சந்தையிலே பூச்சி அரித்த கத்தரிக்காயைத் தள்ளிவிட்டுப் பளபளப்பானதைத் தேடிப் பொறுக்குகிறோம். வீட்டுக்கு வந்து, "எல்லாவற்றுக்கும் மருந்தடிக்கிறார்கள்" என்று கமக்காரனைக் குறைகூறுகிறோம். மருந்தடிக்காத காய்க்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்க மனமில்லாத நாம், அவன்மீது பழி போடலாமா? பூமியின் கூக்குரலும் ஏழையின் கூக்குரலும் ஒன்றாகவே கேட்கப்பட வேண்டும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் தமது சுற்றுமடலில் உணர்த்தினார். ஒன்றைக் கேட்டு மற்றதற்குச் செவியை அடைப்பது கிறிஸ்தவ நெறியாகாது.

அதேவேளை, 2021இன் தோல்வியைக் காட்டி நமது கடமையைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. அன்று பிழைத்தது அவசரம். மண்ணைக் காக்கும் கடமை பிழைக்கவில்லை. ஏதேன் தோட்டத்தில் மனிதன் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று தொடக்கநூல் கூறுகிறது. பண்படுத்தும் உரிமையை ஏற்றுக்கொண்டவன் காக்கும் பொறுப்பை உதறமுடியாது.

லூக்கா நற்செய்தியில் வரும் அத்திமர உவமையை நினைவுகூருங்கள். மூன்றாண்டு கனி தராத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறான் உரிமையாளன். தோட்டக்காரனோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாக வாக்களிக்கிறான். ஆண்டவர் எருவையும் பொறுமையையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துவிட்டார். தோட்டக்காரன் மரத்துக்குக் கட்டளையிடவில்லை. தன் கையால் கொத்துவதாகச் சொன்னான். சுமையைத் தானே ஏற்பவனிடந்தான் சீர்திருத்தம் பேசும் உரிமை உண்டு.

ஆகவே, அன்பர்களே, இன்றே நமது வளவிலிருந்து தொடங்குவோம். வேலியிலுள்ள சீமைக்கிளுவையை வெட்டிக் குழையாகத் தாழ்ப்போம். கூட்டிய சருகைக் கொளுத்தாமல் சமையற் கழிவோடு மக்கவிடுவோம். அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் வழக்கத்தை விடுவோம். அது அடுத்த போகத்துக்குரிய உணவு. யூரியாவைச் சிறுகச் சிறுகக் குறைக்கும் கமக்காரனை ஏளனம் செய்யாமல், அவன் விளைவித்ததை நியாய விலைக்கு வாங்குவோம். பிள்ளைகளின் கையிலும் ஒரு மண்வெட்டியைக் கொடுப்போம். கடவுள் நம்மிடம் ஒப்படைத்த மண்ணை, நாம் பெற்றதிலும் நல்ல மண்ணாக அவர்களிடம் கையளிப்பதே நாம் தீர்க்கவேண்டிய கடன்.