அம்மாவிடம் சொல்லலாமா?



வத்தேகமப் பக்கத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்த தாய் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகில் வலி. கூடை சுமந்த முதுகுக்கு வலி புதிதா என்று மாதக்கணக்காகத் தைலம் பூசுகிறார்கள். உடல் வெளிறி, களைப்பு மிஞ்சிய பிறகே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மச்சை எல்லாம் பார்த்து, 'மல்டிபிள் மைலோமா' என்கிறார் டாக்டர். எலும்பு மச்சையில் உண்டாகும் புற்றுநோய் அது. தாயை வெளி வாங்கில் இருத்திவிட்டு மகன் தனியே கேட்டுக்கொள்கிறான். திரும்பி வந்து, "ஒன்றுமில்லை அம்மா, வாதந்தான்" என்கிறான்.

அன்பினால் சொன்ன இந்தப் பொய் பாவமா?

புனித அகுஸ்தீனார் கி.பி. 420 அளவில் இதையொத்த சங்கடமொன்றை எழுதினார். கடும் நோயில் கிடக்கும் தகப்பன் தன் மகனைப் பற்றிக் கேட்கிறான், மகனோ இறந்துவிட்டான். உண்மை தகப்பனையும் கொன்றுவிடும். தம் மனம் இளகுவதை மறைக்காத அகுஸ்தீனார், அப்போதும் பொய்க்கு இடங்கொடுக்கவில்லை. குருமடத்தில் இதைப் படித்தபோது எமக்குக் கல்நெஞ்சமாகவே பட்டது.

மைலோமாவின் காரியம் வேறு. இங்கே கொல்லக்கூடியது பொய்தான். வாதமென்று நம்பும் தாய், கடையில் வலிக் குளிசை வாங்கி விழுங்குவார்; அவற்றிற் பல, இந்நோயால் ஏற்கெனவே பழுதுபடும் சிறுநீரகத்தை மேலும் கெடுப்பவை. மறுபடி கூடையைத் தூக்குவார். அரித்துப்போன முதுகெலும்பு நொறுங்கலாம். காய்ச்சலை அசட்டை செய்வார். தொற்றை எதிர்க்கும் வலு அவருடலில் இல்லை. இந்நோய் பெரும்பாலும் அடியோடு மாறாது என்றாலும், இன்றைய மருந்துகளால் பலருக்கு அதை வருடக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறது. காரணம் தெரியாமல் அத்தனை காலம் யார் மருந்தெடுப்பார்? அம்மருந்துகளில் ஒன்று தலிடோமைட். பிள்ளைகள் கைகால் ஊனமாய்ப் பிறக்கக் காரணமாகி 1961இல் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. மைலோமாவுக்கு உதவுமென்று 1999இல் வெளியாயிற்று. இப்படிப்பட்ட மருந்தை, எதற்கென்று சொல்லாமல் ஒருவர் கையில் கொடுப்பதா?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லலாம், மீதிக்குப் பொறுத்திருக்கலாம். மௌனம் வேறு, பொய் வேறு.

இன்னொன்று. 'அவஸ்தைப் பூசுதல்' என்று நாம் சொல்லிப் பழகியது சாகும் நேரத்துக்கு மாத்திரமல்ல, கடும் நோயுற்றோர் அனைவருக்கும் உரியது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972இல் அதன் சடங்குமுறையையே புதுப்பித்தார். ஆயினும், "சாமி வந்தால் அம்மாவுக்கு விளங்கிவிடும்" என்று வீட்டார் தள்ளிப்போடுகிறார்கள். எம்மை அழைக்கும்போது நினைவு தப்பியிருக்கும். பேசாதிருந்த தங்கச்சியைக் கூப்பிடச் சொல்ல அவர் விரும்பியிருப்பாரோ என்னவோ, கேட்டறிய அப்போது வழியில்லை.