பயன்பட்ட பொய்

புறங்கூறலை நாவின் பாவம் என்றே மறைக்கல்வி வகுப்பில் பயின்றோம். கட்சி அரசியலில் அதைக் கேட்டவருக்கும் பங்கு உண்டா என்னும் வினாவை எனக்குள் எழுப்பியது ஒரு பழைய வழக்கு.

1678-ஆம் ஆண்டில் டைட்டஸ் ஓட்ஸ் என்னும் ஆங்கிலேயர், அரசர் இரண்டாம் சார்லசைக் கொல்ல இயேசு சபையினர் சதி செய்வதாகக் கதை கட்டினார். அவரது வாக்குமூலத்தைப் பெற்ற நடுவர் காட்ஃப்ரே அக்டோபரில் இறந்து கிடந்தார். அச்சாவின் மர்மம் இன்றுவரை விலகவில்லை. இலண்டன் காப்பிக் கடைகளோ அன்றே தீர்ப்பு எழுதிவிட்டன.

அரசர் ஓட்சைத் தாமே விசாரித்தார். அவர் பொய்யர் என்பதையும் கண்டுகொண்டார். பொய் மட்டும் சாகவில்லை. அது சிலருக்குத் தேவைப்பட்டது. அரசரின் தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர். அவர் அரியணை ஏறலாகாது என்று ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் அணி போராடிக்கொண்டிருந்தது. விக், டோரி என்னும் கட்சிப் பெயர்கள் அப்பூசலில் வழங்கத் தொடங்கியவையே. (முதலில் இரண்டும் வசைச்சொற்கள்!) அவ்வணியினர் அனைவரும் கதையை நம்பினார்களா? நம்ப வேண்டிய அவசியமே இல்லை, மறுக்காதிருந்தால் போதும்.

1681 ஜூலை 1 அன்று அயர்லாந்தின் அர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னோருள் அவரால் முன்னர் கண்டிக்கப்பட்ட துறவிகளும் இருந்தனர். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பகை வெளியே இருந்தது. அதற்கு வேண்டிய சொற்கள் நம் வீட்டிலிருந்தே சென்றன. தூக்குமேடையில் அவர்களை அவர் மன்னித்தார். 1975-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஓட்சோ 1685-இல் பொய்யாணைக்காகத் தண்டனை பெற்றார். பின்னர் ஆட்சி மாறியதும் விடுதலையும் உதவித்தொகையும் பெற்றார்.

ஒரு தேர்தல் காலத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றோம். எனக்குப் பிடிக்காத கட்சியின் வேட்பாளரது குடும்பத்தைப் பற்றி நண்பர் ஒருவர் ஏதோ சொன்னார். “அப்படியா?” என்றேன். ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை, உள்ளூரச் சிறு மகிழ்ச்சி மட்டும் இருந்தது. மாலையில் அதே செய்தியை வேறொருவர் என்னிடமே கொண்டுவந்தார், நான் சொன்னதாக. நான் சொல்லவில்லை என்றேன். பொய் என்று அப்போதும் நான் சொல்லவில்லை.