பாவ விடுதலையும் பாச விடுதலையும்

அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டையைச் சார்ந்த சின்னமலையிலே, தோமையார் தங்கியிருந்தார் எனக் கிறித்தவர் போற்றும் குகையொன்று உளது. அங்குச் சென்று வழிபடுதற்கு உரிமை தருவது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு. ஆயினும், கிறித்தவ நூலோர் விடுதலை என்று சிறப்பித்தது இதனையன்று. பாவத்தின் ஆட்சிக்கு உட்பட்ட உயிர், அரசு அளித்த உரிமை எத்துணை உடையதாயினும், அடிமையே என்பது அவர் கொள்கை.

இதனை அயலார் கூற்றென்று சித்தாந்திகள் ஒதுக்குதல் பொருந்தாது. உயிர் தன் முயற்சி ஒன்றானே கட்டறுக்க மாட்டாது, திருவருள் வேண்டும் என்பது நமக்கும் உடம்பாடு. வேற்றுமை கட்டின் இயல்பிலே உளது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் இளைய மைந்தன், தந்தையை நன்கறிந்தும் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்க் கெட்டான். சிவஞானபோத எட்டாஞ் சூத்திரம் சுட்ட, உரைகாரர் விரித்துரைக்கும் அரசகுமாரனோ, வேடரிடையே வளர்ந்து தன்னை இன்னான் என்றே அறியான். முன்னவனுக்கு வேண்டுவது மன்னிப்பு. பின்னவனுக்கு வேண்டுவது உணர்த்துதல். அங்கே தந்தை மகன் வரவை எதிர்நோக்கி நிற்கின்றான். இங்கே இறைவன் தானே குருவாய் எழுந்தருளுகின்றான். அவர்க்குக் குற்றம் ஆதாமின் கீழ்ப்படியாமையில் தொடங்கிற்று. நமக்கு ஆணவம், செம்பிற் களிம்புபோல, அனாதி.

அற்றேல், அறியாமையாற் செய்தானுக்குத் தீவினைப் பொறுப்பு இல்லையாம் பிறவெனின், அற்றன்று. ஆணவம் அனாதியாயினும் வினை செய்தவனுக்கே உரியதாகலின், அதன் பயனை நுகர்தல் ஒழியாது.

இனி, விடுபட்ட உயிர் தனித்து நிற்குமோ? பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், பாவத்தினின்று நீங்கினோர் நீதிக்கு அடிமையாயினர் என்கிறார். முத்தியினும் உயிர் சிவனுக்கு அடிமையே என்று கூறும் நமக்கு இது புதிதன்று. சார்ந்ததன் வண்ணமாவது உயிரின் இயல்பாகலின், பாசத்தை விட்டது பதியைச் சாராது நிற்றல் கூடாது. தன்னிச்சையே விடுதலை என்பார் இரு சமயத்தையும் அறியார்.

2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச்சட்டம் வந்தபோது நம்மவருட் பலர் மகிழ்ந்தனர். 2004இல் அது விலக்கப்பட்டபோது வருந்தினர். வற்புறுத்தி மாற்றுதல் தீதென்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒருவர் சமயம் மாறியதை மாவட்ட அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. சத்திநிபாதத்தை அளக்கும் கோல் அவர் அலுவலகத்தில் உண்டுபோலும்!

நம் குறை வேறிடத்தது. வீடு எல்லா உயிர்க்கும் உரியதென்று ஓதிய நாம், கோயில் வாயிலைச் சிலருக்கு அடைத்து நின்றோம். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அவர் புகுந்தது 1939 ஜூலை 8ஆம் நாளிலேதான். அதற்கு முன்னே தேவாலயம் சென்றாரை, பொருளாசையாற் போயினார் என்று இன்றும் பழிப்பது யாது நியாயம்? எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அத்தெய்வமாய் அம்மையப்பரே வந்தருளுவர் என்று சித்தியார் சுபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் அருளினார். அது படிமுறையேயன்றி முடிவன்று என்பர் சிலர். ஆகுக, அப்படியில் நிற்பாரையும் இறைவன் கைவிடுவான் என்பதற்கு நம் சாத்திரம் பதினான்கனுள் யாம் ஆதாரம் கண்டிலேம்.